முக்கால் இஞ்சுக்குப் பழி

அந்த மனுஷனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி. எனக்கு அங்கே வேலை பெர்மனென்ட் ஆகும் என்று வீட்டில் எல்லோரும் காத்துக்கிடந்தார்கள். சேக்காட்டில் பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு அக்காவுக்காக, பெற்றோர் தங்கள் பிள்ளைகளின் அளவைப் போனிலேயே கொடுக்கும்படி ஒரு புரோகிராம் எழுதினேன். நம் ஜனங்கள் அளவு கொடுக்கும் அழகு இருக்கிறதே! ஒருவர் 24.5 என்பார், ஒருவர் 24 1/2 என்பார், இன்னொருவர் 'இருபத்துநாலரைக்குக் கொஞ்சம் கம்மி' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அதனால் முழு எண்ணுக்கு மேல் எது வந்தாலும், 'நீங்கள் சொன்னது இருபத்துநாலரையா?' என்று ஒருமுறை திருப்பிக் கேட்கும்படி வைத்தேன்.

எங்கள் டீம் லீடருக்கு அது பிடிக்கவில்லை. "கஸ்டமரை எவ்ளோ கேள்வி கேப்ப? முழு நம்பரை எடுத்துக்கோ, மீதியத் தூக்கிப் போடு" என்றார். முடியாது என்றேன். நான் சாப்பிடப் போன நேரத்தில் என் சீட்டில் உட்கார்ந்து, திறந்திருந்த என் லாகினிலேயே அந்தக் கேள்வியை அழித்து, முழு எண்ணை மட்டும் எடுக்கும்படி மாற்றிவிட்டார்.

அரையும் முக்காலும் காணாமல் போயின. சட்டையெல்லாம் பிள்ளைகளை இறுக்கிப் பிடித்தது. மொத்தமும் அக்காவிடமே திரும்பி வந்தது. அவர் கம்பெனிக்கே வந்து கத்தினார். லீடர் கொஞ்சமும் கூசாமல் என்னைக் கைகாட்டினார். "இவங்க லாகின்லதான் மாத்தியிருக்கு சார்." முதலாளி நம்பிவிட்டார். என் பெர்மனென்ட் ஆர்டர் நின்றது. பாத்ரூமில் போய் அழுதேன். முகம் கழுவும்போதே, இரு மவனே, உனக்கு இருக்கு என்று கறுவிக்கொண்டேன்.

கோளாறைச் சரிசெய்யக்கூட லீடர் விடவில்லை. இனிமேல் முழு நம்பராக மட்டும் போடச் சொல்லுங்கள் என்று அக்காவுக்குச் சொல்லியனுப்பியதோடு சரி.

ஆயுத பூஜை வந்தது. ஆபீசில் எல்லோருக்கும் புதுச் சட்டை. அக்கா சமாதானமாகட்டும் என்று முதலாளி அந்த ஆர்டரை அவருக்கே கொடுத்தார். அளவை எங்கள் புரோகிராமிலேயே போட வேண்டும். நான் சீட் சீட்டாகப் போய், அடுத்த முழு எண்ணாகப் போடுங்கள் என்று சொன்னேன். ஒரே ஒரு சீட்டுக்கு மட்டும் போகவில்லை. லீடருக்கு ஜிம் உடம்பு. தான் செய்த மாற்றத்தையே மறந்து, ஊருக்குச் சொன்ன உபதேசம் தனக்கில்லை என்று, கரையான்சாவடி டெய்லரிடம் அளவெடுத்து வந்து, காலர் 15 3/4, தோள் 18 3/4, மார்பு 42 3/4 என்று பெருமையாக ஏற்றினார்.

நான் அக்காவுக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"இன்னா சொல்ற! அவனா அழிச்சான்? அழிச்சிட்டு என்னாண்ட உன்ன மாட்டிவுட்டானா? நீ வுடும்மா. மிஷினு இன்னா சொல்தோ அதையே வெட்றேன். லூசு ஒரு நூலு கூட வெக்க மாட்டேன்."

பூஜையன்று கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. அக்காவும் வந்திருந்தார். லீடர் புதுச் சட்டையில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். வாசலில் பூசணிக்காய் உடைப்பது வருஷா வருஷம் அவர்தான். காயை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார். டர்ரென்று அக்குளிலிருந்து இடுப்புவரை கிழிந்தது. பூசணிக்காய் கை நழுவி அவர் காலடியிலேயே விழுந்து உடைந்தது. ஐயோ, அது என்ன சுகம்! இன்றைக்கு நினைத்தாலும் என் வயிறு குளிர்கிறது.

"என்னம்மா தைச்சிருக்கீங்க?" என்று முதலாளி அக்காவைக் கேட்டார்.

"உங்க மிஷினு குட்த்த அளவுதான் சார். அவரு முக்கா போட்டாரு, அது தின்னுட்ச்சு. புள்ளைங்க சட்டைக்கும் இதே கதிதான். அந்தக் கேள்விய அழிச்சது யாருன்னு அவரையே கேளுங்க."

லீடர் பழக்க தோஷத்தில் என்னைப் பார்த்தார். "அன்னிக்கு சாப்பாட்டு நேரத்துல என் சீட்ல யார் உக்காந்தாங்கன்னு பாத்தவங்க இங்கயே இருக்காங்க சார்" என்றேன். அன்று பயந்து வாயைத் திறக்காத இரண்டு பேர், இப்போது சிரிப்பை அடக்க முடியாமல் தலையாட்டினார்கள்.

பெர்மனென்ட் ஆர்டர் அந்த வாரமே வந்தது. முதல் வேலையாக, அழிந்துபோன கேள்வியைத் திரும்ப எழுதினேன். லீடரே அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் 42 3/4 என்று அடித்தார். 'நீங்கள் சொன்னது நாற்பத்திரண்டே முக்காலா?' என்று கேட்டது. 'ஆமாம்' என்பதை அழுத்தினார்.

"சரியா வேலை செய்யுதான்னு தெரியல சார்" என்றேன். "இன்னொரு தரம் போடுங்க."