வெல்டா ஹால்ஸியின் பத்து விரல்

ப்ளூ ரிட்ஜ் மலையில் யார் தயவும் இல்லாமல் தானாக வளர்ந்தவை இரண்டு. ஒன்று பிளாக்பெர்ரி முள். மற்றது வெல்டா ஹால்ஸி. இதை வெல்டாவே சொல்லுவாள், கேட்காதவர்களிடமும் சொல்லுவாள். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஒன்பது பிள்ளைகளில் ஆறாவதாகப் பிறந்தவள். ஏழாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் தையல் ஆலைக்குப் போனாள். இருபத்திரண்டு வயதில் சமையலறை மேசையில் ஃபர் மரக் கிளைகளைக் கம்பியால் சுற்றி, கிறிஸ்துமஸுக்குக் கதவில் மாட்டும் பச்சை வளையம் கட்ட ஆரம்பித்தாள். இன்றைக்கு அவள் கொட்டகையில் பதினோரு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். நவம்பர் வந்தால் லாரி வாசலில் வந்து காத்துக் கிடக்கும்.

பாஞ்சோ என்ற தந்தி வாத்தியமும் அப்படித்தான். கன்றுக்குட்டியை விற்று வாங்கியது. யாரும் சொல்லித் தரவில்லை. நாலு பேர் வாசிக்கும்போது அவர்கள் கையைப் பார்த்துத் திருடிக்கொண்டதுதான். வட்டாரப் பாஞ்சோ போட்டியின் முதல் பரிசான நீல ரிப்பன் பன்னிரண்டு வருஷமாக அவள் வீட்டுச் சுவரைத் தவிர வேறு சுவரைப் பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்டவளைப் பார்த்து ஒரு மெஷின், நீ யார் என்று கேட்டது.

பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமைதோறும் மணியடித்த பிறகு மலைப்பாட்டு வகுப்பு நடக்கும். ஃபிடில், கிடார், பாஞ்சோ மூன்றும் உண்டு. பாஞ்சோ சொல்லிக் கொடுத்தவர் மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோய்விட்டார். தலைமையாசிரியை நேரே கொட்டகைக்கு வந்து, நீங்கள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். வெல்டா உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. முக்கால் வளையம் கட்டி முடித்துவிட்டுத்தான் சொன்னாள். ஒரே ஒரு சின்ன வேலை பாக்கி என்றார் தலைமையாசிரியை. பிள்ளைகள் முன்னால் நிற்கிற எவரும், பழைய குற்றம் ஏதும் இல்லை என்று காட்ட, ஷெரிஃப் என்கிற போலீஸ் அதிகாரியின் ஆபீஸில் கைரேகை கொடுக்க வேண்டும். அக்டோபர் முதல் திங்கட்கிழமைக்குள் அது சரியாகி வராவிட்டால், அந்த இடம் ரோஸ்கோ லைன்பெரிக்கு.

இந்தக் கடைசிச் சொல்தான் வெல்டாவைக் குத்தியது. ரோஸ்கோ இன்சூரன்ஸ் ஆபீஸில் பேனா பிடிப்பவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று விரலில் தகர நகம் மாட்டிக்கொண்டு வாசிப்பான். வெல்டா சொந்த நகத்தால் தந்தியை மேலிருந்து கீழே தட்டி வாசிப்பவள். அவள் வாசித்தால் சமையல்கட்டில் இருப்பவர்களுக்கும் கால் தானாகத் தட்டும். அவன் வாசிக்கிற வேகத்துக்கு ஆட முடியாது, ஓடத்தான் முடியும் என்பாள். அவனிடம் படித்தால் ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் ஓடப் பழகிவிடும் என்ற கவலை அவளுக்கு.

ஷெரிஃப் ஆபீஸில் ரேகை எடுப்பவன் டல்லஸ், அவள் தங்கை மகன். கண்ணாடிப் பலகையில் விரலை வைக்கச் சொன்னான். வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தாள். சிவப்பு. பத்து விரலும் பத்துச் சிவப்பு.

"பெரியம்மா, உங்களுக்கு ரேகையே இல்ல."

"பொறக்கும்போது இருந்துச்சே. எங்க போகும்?"

போன வழி அவளுக்கே தெரியும். நாற்பது வருஷம் எஃகுத் தந்தி, நாற்பது வருஷம் கம்பி, ஃபர் மரத்துப் பிசின், அந்தப் பிசினைக் கழுவ மண்ணெண்ணெய். விரல் நுனி ஆற்றுக் கல்லாகிவிட்டது. ஊசி குத்தினாலும் தெரியாது என்று அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான்.

"ஏன்டா, நீ பொறந்த அன்னிக்கு உன்னைத் தூக்கினவ நான். என்னை உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் பெரியம்மா. மெஷினுக்குத் தெரியலயே."

"அப்ப மெஷின வெளிய அனுப்பு. நீ கையெழுத்துப் போடு."

டல்லஸ் தலையைச் சொறிந்தான். வந்த மட்டும் போதும் என்று தலைநகருக்கு அனுப்பி வைத்தான். ஆகஸ்ட் கடைசியில் அது தெளிவில்லை என்று திரும்பி வந்தது. ரோஸ்கோவும் ஒரு நடை வந்து கொடுத்துவிட்டுப் போனானாம், முதல் தடவையிலேயே படம் போல் விழுந்ததாம். இதை டல்லஸ் வாய் தவறிச் சொல்லிவிட்டான். பேனா பிடிக்கிற கைக்கு ரேகை இருக்காமல் வேறு என்ன இருக்கும் என்று கேட்டுவிட்டு வெல்டா லாரிக் கதவைச் சாத்திய சத்தம் நீதிமன்றம் வரை கேட்டது.

வழியையும் டல்லஸே சொன்னான். போன வருஷம் ஒரு கல் கொத்தனாருக்கும் இதே சங்கடம். ஒரு மாதம் விரலுக்கு முழு ஓய்வு. கம்பி தொடக் கூடாது, தந்தி தொடக் கூடாது, பாத்திரம் கழுவக் கூடாது. மாட்டு மடிக்குத் தடவுகிற களிம்பைப் பூசி, பஞ்சுக் கையுறை போட்டுக்கொண்டு இருந்தால் ரேகை திரும்ப முளைக்கும். செப்டம்பர் நடுவில் வட்டாரப் போட்டி. அது டல்லஸுக்கும் தெரியும். அதனால் கதவுக்குப் பக்கமாக நின்றுகொண்டுதான் சொன்னான்.

அந்த மாதத்தை வெல்டா எப்படித் தள்ளினாள் என்பது அவள் கணவன் ஹோபர்ட்டைக் கேட்டால் தெரியும். அவர்தான் பீன்ஸ் வேகவைத்தார், சோள ரொட்டி சுட்டார், கழுவினார். அவள் பின்னால் நின்று குற்றம் சொன்னாள். கொட்டகையில் அந்தப் பெண்கள் கட்டுகிற வளையங்களில் ஒன்றுகூட வட்டமாக இல்லை என்றாள். பாஞ்சோ சுவரில் தொங்கியபடி அவளையே பார்த்தது. திருப்பி மாட்டினாள், முதுகைக் காட்டியும் பார்த்தது. ஒரு சாயங்காலம் ஹோபர்ட், இந்த வீட்டில் கடிகாரம் ஓடுகிற சத்தத்தை நாற்பது வருஷத்தில் இப்போதுதான் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மூன்று நாள் அவருக்குக் கடிகாரச் சத்தம் மட்டும்தான்.

சர்ச் விருந்தில் வெள்ளைக் கையுறையோடு போய் உட்கார்ந்தாள். இங்கிலாந்து ராணிக்கு ஆப்பிள் வெண்ணெய் எடுத்து வையுங்கள் என்று ஒருத்தி சொல்ல, மேசையே சிரித்தது. ராணி மேல் மாட்டு மடிக் களிம்பு நாறுகிறது, வேண்டுமானால் பாலும் கறந்துகொள்ளுங்கள் என்று வெல்டா திருப்பிக் கொடுத்தாள். ஆனாலும் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

போட்டி நாளில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். நீல ரிப்பன் ரோஸ்கோவுக்குப் போயிற்று. அவன் மேடையிலிருந்து இறங்கி நேராக அவளிடம் வந்தான்.

"கை குடுங்க வெல்டா. அட, மறந்தே போச்சு."

"நல்லா ஓடின ரோஸ்கோ. மூச்சு வாங்குதா?" என்று கேட்டாள். பிறகு கை தட்டினாள். பஞ்சுக் கையுறையில் கை தட்டினால் சத்தம் வராது. அதற்காகவே நெடுநேரம் தட்டினாள்.

மாதக் கடைசியில் டல்லஸ் முன்னால் கையுறையைக் கழற்றினாள். கண்ணாடியில் விரல் வைத்தாள். பச்சை. பத்தும் பச்சை. டல்லஸ் முகம் மலர்ந்தது. வெல்டா மெஷினைப் பார்த்து, "இப்ப தெரியுதா நான் யாருன்னு?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

அக்டோபர் முதல் திங்கட்கிழமை. பதினான்கு பிள்ளைகள், மடியில் இரவல் பாஞ்சோக்கள். அவர்களிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு மாதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். கன்றுக்குட்டி, தையல் ஆலை, பன்னிரண்டு ரிப்பன், ஊசி குத்தினாலும் தெரியாத விரல். சொல்லி முடித்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தாள்.

இடது கை தந்தியை அழுத்தியதும் சுருக்கென்றது. இரண்டாம் சுற்றில் எரிந்தது. மூன்றாம் சுற்றில் தந்தி வெண்கலப் பாத்திரத்தில் ஈ மாட்டிக்கொண்டதுபோல் ரீங்கரித்தது. பார்த்தால் மூன்று விரல் நுனியிலும் கொப்புளம். ஒரு மாதக் களிம்பு ரேகையைக் கொண்டுவந்ததோடு பச்சைப் பிள்ளைத் தோலையும் கொண்டுவந்திருந்தது. முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை, "மிஸ் வெல்டா, ஊசி குத்தினாலும் தெரியாதுன்னீங்களே" என்றாள்.

கதவருகே தலைமையாசிரியை நின்றிருந்தார். இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தினால், நாளைக் காலையில் ரோஸ்கோவுக்குப் போன் போகும்.

"எல்லாரும் இடது கைய முதுகுக்குப் பின்னாடி வைங்க" என்றாள் வெல்டா. முதலில் தன் கையை வைத்துக்கொண்டாள். "அந்தக் கைய நான் சொல்ற வரைக்கும் யாரும் வெளிய எடுக்கக் கூடாது. எடுத்தா வீட்டுக்குப் போகலாம்."

நான்கு திங்கட்கிழமையும் வலது கை மட்டும்தான். மேசையில் விரல் முட்டியால் டும் டக்கு, தரையில் காலால் டும் டக்கு, பிறகு வெறும் தந்தியில் நகத்தால் டும் டக்கு. சில பிள்ளைகளுக்கு எரிச்சல். ஒரு தாய் வந்து, என் மகன் பாட்டே படிக்கவில்லையே என்று கேட்டாள். நடக்கத் தெரியாதவனுக்கு எந்த ஊருக்கு வழி சொல்ல என்று வெல்டா கேட்டதும் அந்த அம்மாள் போய்விட்டாள். அதற்குள் கொப்புளம் காய்ந்து, விரல் நுனி மறுபடி கெட்டிப்பட்டது, இடது கைகளும் வெளியே வந்தன. நவம்பரில் பள்ளிக்கூடத்து விருந்தில் பிள்ளைகள் ஒரே ஒரு மெட்டை வாசித்தார்கள். அந்த ஒன்றுக்கே கூடம் முழுக்க எழுந்து ஆடியது. தட்டோடு நின்ற ரோஸ்கோவின் காலும் தட்டியதை வெல்டா பார்த்துவிட்டாள். பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான்.

தலைமையாசிரியை வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நான்கு வாரம் இடது கையைத் தொடவிடாமல் வைத்தது எங்கே கற்ற முறை என்று கேட்டார். வெல்டா கொஞ்சமும் தயங்கவில்லை.

"நாப்பது வருஷமா யோசிச்சு வெச்சது" என்றாள். பக்கத்தில் நின்ற ஹோபர்ட்டுக்குக் காப்பி புரையேறியது.

ரொம்ப நல்ல முறை, வருஷா வருஷம் இப்படியே ஆரம்பிக்க வேண்டும், மேலிடத்துக்கும் எழுதிவிட்டேன் என்றார் தலைமையாசிரியை. அப்புறம் ஒரு தாளை நீட்டினார். கைரேகை ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். அடுத்த செப்டம்பரில் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

வெல்டா தாளை இரண்டு தடவை எழுத்துக் கூட்டி வாசித்தாள். கல்லாய்க் கெட்டிப்பட்டிருந்த தன் விரல்களைப் பார்த்தாள். சுவரோரம் நீல ரிப்பனைச் சட்டையில் குத்திக்கொண்டு நின்ற ரோஸ்கோவைப் பார்த்தாள்.

"ஹோபர்ட், அந்தக் களிம்பு டப்பாவ தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்ல வெல்டா. பீன்ஸ் வேகவைக்கவும் மறக்கல."