மீனுக்கும் புரட்டாசி

வளைகுடாவின் புஜைராவில் எங்கள் ஃபிளாட்டுக்குள் உப்புத் தண்ணீர்த் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தவன் நான். அதிலிருந்த மீன் சொந்தம் கொண்டாடியதோ என் மனைவியிடம். கடைக்காரர் அதை 'ராஸ்' என்றார். விரல் நீளம்தான், பச்சை உடம்பில் சிவப்புக் கோடுகள். அதற்காகத் துறைமுகத்தின் எண்ணெய் வாடை எட்டாத இடம் தேடி வடக்கே வண்டி ஓட்டி, கேன் கேனாகக் கடல்நீர் சுமந்தேன். நான் டியூட்டி முடிந்து வருவதற்குள் அது மணலுக்குள் புதைந்து தூங்கிவிடும். பகலெல்லாம் கண்ணாடியோரம் அவள் போகும் பக்கமெல்லாம் நீந்துமாம். உழைப்பு என்னுடையது, உறவு அவளுடையது.

அந்த வருடம் புரட்டாசியும் நோன்பு மாதமும் சேர்ந்து வந்தன. மற்ற மாதங்களில் என் மனைவி நெத்திலித் தலையைக்கூட வீணாக்க மாட்டாள். புரட்டாசி பிறந்துவிட்டால் பெருமாளைத் தவிர வேறு யாரும் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். ஃப்ரிட்ஜைக் கழுவித் துடைத்தாள். மீனுக்காக நறுக்கி வைத்திருந்த இறாலும் குப்பைக்குப் போனது.

"மீனே வீட்டுக்குள்ளதான இருக்கு?" என்றேன்.

"அது உசுரோட இருக்குங்க. உசுரோட இருந்தா கவுச்சி இல்ல."

இப்படிச் சட்டம் பேசுகிறவளிடம் வாதாடி நான் ஜெயித்ததே இல்லை. டப்பாவில் வரும் காய்ந்த தீனி வாங்கி வந்தேன். டப்பாவின் பின்புறம் படித்தாள். மீன்தூள் சேர்த்தது என்றிருந்தது, அதுவும் வெளியே போனது. பட்டாணியை வேகவைத்துப் போட்டாள். கடற்பாசி போட்டாள். ராஸ் வாயில் வாங்கி, ஒரு சுற்று மென்று பார்த்துத் துப்பியது.

"பசிச்சா தானா சாப்பிடும்" என்றாள். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பது விரல் நீளப் புலிக்கும் பொருந்தும் போலிருக்கிறது. நாளாக நாளாக அதன் வயிறு ஒட்டிப்போனது. மதியம்வரை மணலை விட்டு வெளியே வருவதில்லை என்றாள். அவளும் ஹாலில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டாள். "அது பாக்குதுங்க" என்று தட்டோடு அடுக்களைக்குப் போனாள். மீன் செத்துவிடுமோ என்று பயந்தேன். செத்தால் இவள் மனசு ஆறாதே என்று அதைவிடப் பயந்தேன்.

வெள்ளிக்கிழமை லீவில் நான் வீட்டில் இருந்தபோது, எதிர் ஃபிளாட் காயல்பட்டினத்து அம்மாள் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார். எங்கள் புரட்டாசிக்காகக் கறி போடாமல் தனியாகக் காய்ச்சிய கஞ்சி. தொட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன புள்ள, மீனு இப்படி வத்திப் போச்சு?"

என் மனைவி விவரம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.

"நோன்புண்டா நிய்யத்து வைக்கணும் புள்ள. நான் வச்சேன், நீயும் வச்சே. அது வச்சிச்சா?"

நிய்யத்து என்றால், இந்த நோன்பை நான் இருக்கிறேன் என்று மனதார உறுதி எடுப்பது. அது இல்லாவிட்டால் வெறும் பட்டினிதானாம்.

என் மனைவி பெருமாள் படத்தை ஒருமுறை பார்த்தாள், தொட்டியை ஒருமுறை பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்: "ராத்தா, உங்க வீட்டுல இறால் இருக்கா?"

அந்த அம்மாள் தன் அடுக்களையிலேயே உரித்து, பொடியாக நறுக்கி, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார். என் மனைவி தன் விரலாலேயே எடுத்துப் போட்டாள். அதற்குள் மணலில் புதைந்துவிட்டிருந்த ராஸ் தலையை நீட்டியது. முதல் துண்டை நம்பாமல் சுற்றிவந்தது. அடுத்ததைக் கவ்விக்கொண்டு போய், பாறையில் அடித்து உடைத்து விழுங்கியது.

"மெல்ல, மெல்ல. யாரும் புடுங்கிக்க மாட்டாங்க" என்றாள் என் மனைவி. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. நோன்பு பிடித்தவரும் விரதம் இருந்தவளும் தோளோடு தோள் நின்று, அது சாப்பிடுவதைச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் நின்ற எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. நான் நிய்யத்து வைத்தேனா என்று மட்டும் அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.