இறங்காத முள்

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், என் மகனுக்கு இரண்டு வயது நிரம்பியிருந்தது. சித்திரை வெயிலில் ஒரு பிற்பகல் அவன் உடம்பு கொதித்து, கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தது. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து மீட்டோம். அப்போதே மாமியார் ஊர் மலைக்கோயிலைப் பார்த்துக் கைகூப்பி, ஆடிக் கிருத்திகையன்று முதல் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார்.

ஆடி நெருங்க நெருங்க எனக்கு நிம்மதி போயிற்று. கிருத்திகைக் கூட்டத்தில் அடிவாரப் பொய்கையில் மொட்டை போட்டு, படியேறி, சாமி பார்த்து இறங்குவதற்குள் உச்சிப்பொழுது தாண்டிவிடும். மறுபடி வலிப்பு வந்தால்?

"ஆடி பொறந்தா வெயில் அடங்கிடும்மா. எத்தினி ஆடி பாத்துகினு வரேன்" என்றார் மாமியார்.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. கணவர் பள்ளி ஆசிரியர். வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறுகிறதா என்று தெரிந்துகொள்ள, கல்யாணத்துக்கு முன்பே பின்கட்டு வடக்குச் சுவரில் வெப்பமானி ஒன்று மாட்டியிருந்தார். அதில் பாதரசம் ஒரு சிறு இரும்பு முள்ளை மேலே தள்ளும். பாதரசம் இறங்கினாலும் முள் அன்றைய உச்சத்திலேயே நிற்கும். மாலையில் அதைக் குறித்துக்கொண்டு, காந்தத்தால் முள்ளைக் கீழே இழுத்துவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்கு அரக்கோணத்துக்கு மாற்றலாகி, பொழுது சாய்ந்து ரயிலில் திரும்பத் தொடங்கியதிலிருந்து அந்த வேலை என்னுடையது.

நோட்டைப் பார்த்து மாதவாரியாகப் பட்டியல் போட்டேன். சித்திரையும் வைகாசியும் எல்லா வருஷமும் ஏறக்குறைய ஒன்றுதான். தையில் சிறு ஏற்ற இறக்கம் இருந்தது. கடைசி இரண்டு ஆடிகள் மட்டும் முந்தையவற்றைவிடக் கூடுதல். கணவர் அதைப் பார்த்துவிட்டு, தைக் கிருத்திகைக்குத் தள்ளிவிடலாம் என்று தன் அம்மாவிடம் சொன்னார்.

"வெயிலைக் கண்ணாடிக் குழாயில புடிச்சு வெச்சிருக்காளா உன் பொண்டாட்டி? சாமிக்குச் சொன்ன நாளைவிட அது பெருசா, நைனா?" என்று கேட்டார் மாமியார். பிறகு சரி என்றார். சொன்னவர் அன்று சாப்பிடவில்லை.

கிருத்திகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பட்டியலைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். போன ஆடியில் ஒரு நாள், ஓரத்தில் 'மழை' என்று நானே எழுதியிருக்கிறேன். அன்றும் முந்திய நாளின் அதே உச்சம். அடுத்த நாளும் அதே.

மூன்றும் நான் விலக்காகி ஒதுங்கியிருந்த நாட்கள். மாதத்தில் மூன்று நாள் நான் வீட்டுப் பொருள் எதையும் தொடுவதில்லை. வெப்பமானி துளசி மாடத்தின் பக்கத்தில் இருந்ததால் எட்ட நின்றே பார்த்து, நினைவில் வைத்து, தலைக்குக் குளித்த பிறகு நோட்டில் ஏற்றுவேன். காந்தத்தைத் தொடவே இல்லை. சித்திரையில் தினமும் ஒரே மாதிரி வெயில், வித்தியாசம் தெரியாது. ஆடியில் ஒரு நாள் காய்ந்தால் மறுநாள் மேகம் போடும். முள் மட்டும் மேலேயே நிற்கும். இரண்டு ஆடியாக ஏறியது வெயில் இல்லை, என் தவறு.

சொல்லாமல் இருந்தால் தை வரை பிள்ளை பத்திரம். ஆனால் பொய்க் கணக்கைக் காட்டி வேண்டுதலைத் தள்ளியவள் நான். அந்தக் குற்றம் அவன் தலையிலேயே விடிந்தால்? ஒரு பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, அரிசி களைந்துகொண்டிருந்த மாமியாரிடம் சொன்னேன்.

"தொடாம இருந்தது சரிதான். முள்ளை இழுத்துவிட என்னைக் கூப்பிட வேண்டியதுதானே? நான் என்ன கையில்லாதவளா?"

"கணக்கு தப்புதான் அத்தை. ஆனா பயம் போகலை."

அவர் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. "எனக்கு மட்டும் இல்லியா? அவன் கண்ணு செருகினதை நானுந்தானே பாத்தேன். அதனாலதான் நாளைத் தள்ளப் பயந்துகினு இருந்தேன்."

இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம்: கிருத்திகையன்றே, ஆனால் விடிந்தும் விடியாமலும் மொட்டை. அப்படியும் பாதிப் படியில் வெயில் பிடித்துக்கொண்டது. சந்தனம் பூசிய அவன் தலைக்குமேல் மாமியார் முந்தானையை விரித்துப் பிடித்து, "வழி விடுங்கப்பா, கொழந்தை ஏறுது" என்று காவடிக்காரர்களை விலக்கிக்கொண்டே வந்தார். நான் இடுப்பில் இருந்த அவன் பிடரியில் கை வைத்தேன். சூடாக இருந்தது. அவன் சூடா, என் கையின் சூடா என்று தெரியவில்லை. சாமி கும்பிட்டு அடிவாரத்துக்கு இறங்கி, பசிக்கிறது என்று அவன் அழுத பிறகுதான் கையை எடுத்தேன்.