தெரியாது என்று சொன்ன டாக்டர்

காலையில் பால் ஊற்ற வந்த கௌரம்மாதான் சொன்னாள், "டாக்டர் போயிட்டாரும்மா" என்று. எந்த ஊருக்கு என்று கேட்டேன். யார் கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு நஞ்சன்கூடு, ஸ்ரீரங்கப்பட்டணம் என்று பஸ் ஏறிவிடுகிற மனிதர் அவர். கௌரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

டாக்டர் திருநாராயணனைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவர் ஊசி போட்டிருப்பார். மீதிப் பேர் அந்த ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்திருப்பார்கள். மேல்கோட்டைப் பூர்வீகம், நெற்றியில் நாமம், எந்நேரமும் ஒரு சிரிப்பு. அழுது வடிந்து எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அதனால் சிரித்த விஷயங்களையே எழுதுகிறேன்.

என் மகள் ரோஸி சுதந்திரம் வந்த வருஷத்தில் பிறந்தவள். அந்த வருஷம் மேடை போட்டுப் பேசாத ஆளே ஊரில் கிடையாது. இவளோ ஒன்றரை வயதில் பருப்புச் சோற்றுக்கு 'பப்பு' என்றாள். சில மாதங்களில் அதுவும் நின்றுவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பக்கத்து அறையில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் ஓடி வருவாள். ஆகவே காதில் குறையில்லை. நான் பள்ளிக்கூட டீச்சர், வாய் ஓயாதவள். 'எல்லாப் பேச்சையும் நீயே பேசிவிட்டால் குழந்தைக்கு என்ன மிஞ்சும்' என்று தெருவில் கேட்காதவர்கள் இல்லை. அவள் ஒரே ஒரு தடவை என்னை அம்மா என்று கூப்பிட வேண்டும். எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

பெரிய படிப்புப் படித்த ஒருவர், வீட்டில் மூன்று மொழி புழங்குவதால் குழந்தை குழம்பிப் போயிருக்கிறது, இனிமேல் தமிழ் மட்டும்தான் என்று உத்தரவு போட்டார். என் கணவர் ஞானராஜ் ரயில்வே பட்டறைக்காரர். அவர் பேச்சு தமிழில் புறப்பட்டுக் கன்னடத்தில் திரும்பி இங்கிலீஷில் போய் நிற்கும். நாத்தனார் லில்லி நர்ஸ். அவளுக்கு ஜெபம் இங்கிலீஷ், கோபம் கன்னடம். தப்பான மொழி வாயில் வந்துவிடுமோ என்று பயந்து ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டோம். சாப்பாட்டில் உப்பு வேண்டுமென்றாலும் ஜாடைதான். ரோஸி மட்டும் எப்போதும் போல ஹும் ஹும் என்று ராகம் இழுத்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கோலத்தில்தான் நான் முதன்முதலாக டாக்டரிடம் போனேன். கதையைக் கேட்டவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "நன்னாயிருக்கு டீச்சர். ஒருத்தி பேசலைன்னு வைத்தியம் கேட்டுட்டு ஆத்தையே ஊமையாக்கிட்டேளே. நோடம்மா, இங்கே பாருங்கோ, மைசூர்லே எந்தக் குழந்தை மூணு பாஷை கேக்காம வளர்றது? பாஷை ஜாஸ்தியானா பேச்சு வராதுன்னா இந்த ஊர் மார்க்கெட்டே நடக்காது. போய் எல்லாரும் வாய்விட்டுப் பேசுங்கோ." அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் மூன்று மொழியிலும் ஒரே நேரத்தில் சண்டை நடந்தது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

அடுத்து வந்தது நாக்கு. என் கணவரின் அண்ணன் பெங்களூரிலிருந்து வந்தார். அடிநாக்கைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் பேச்சு கொட்டும் என்று யாரோ சொல்ல, ஆபரேஷனுக்கு நாளும் குறித்துவிட்டார். என் கணவர் அரை மனதாகத் தலையாட்டினார். அம்மா என்கிற சொல்லுக்காக நானும் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். விஷயம் கேள்விப்பட்டு டாக்டர் நேராக வீட்டுக்கே வந்தார். வந்ததும் தேன் கேட்டார். ரோஸியின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு, வாயின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு சொட்டு, மோவாயில் ஒரு சொட்டு வைத்தார். அவள் நாக்கை நீட்டி நாலு இடத்தையும் துடைத்து எடுத்துவிட்டு இன்னும் வேண்டும் என்பது போல அவர் கையைப் பிடித்துத் தேன் பாட்டில் மேல் வைத்தாள்.

"இந்த நாக்கிலே எதை வெட்டப் போறேள்?" என்று கேட்டார் டாக்டர்.

"அப்படின்னா ஏன் பேசலை, சொல்லுங்க" என்றார் அண்ணன்.

"தெரியாது."

"தெரியாமலா வேண்டாங்கிறீங்க?"

"தெரியாமலா வெட்டறேள்?"

அண்ணன் காபியைக் குடித்து முடித்தார். ஆபரேஷன் பேச்சு அத்தோடு போயிற்று.

அவர் போன பிறகுதான் டாக்டர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். வெளிநாட்டு வைத்தியப் பத்திரிகையில் இதற்கு ஆட்டிசம் என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். "பேர்தான் புதுசு. இந்த மாதிரிக் குழந்தைகள் புதுசில்லை" என்றார். தாய்க்குப் பாசம் போதாமல்தான் இப்படி ஆகிறது என்றும் சிலர் எழுதுகிறார்களாம். "உங்களை ஒரு தடவை பார்த்திருந்தா அந்த ஆள் எழுதினதைக் கிழிச்சிருப்பான்" என்றார். சில குழந்தைகளுக்குச் சத்தம் எல்லாம் கேட்கும், அந்தச் சத்தத்தில் பேச்சு மட்டும் தனியாகப் பிரிந்து தெரியாது. சில குழந்தைகளுக்குச் சொல் தலையில் இருக்கும், அதை வாய்க்குக் கொண்டுவரும் வழி சரியாக அமையாது. இன்னும் சிலருக்குக் குரலால் ஒருவரைக் கூப்பிடலாம் என்ற எண்ணமே எழுவதில்லை. விரல் நீட்டிக் காட்டவும் தோன்றாது, நம் கையைப் பிடித்து வேண்டிய பொருள் மேல் வைத்துவிடுவார்கள். இவையெல்லாம் தன்னுடைய ஊகம்தான், ரோஸிக்கு எது என்று தெரியாது என்றும் சொன்னார். "பேசலைங்கறதாலே புரியலைன்னு மட்டும் நினைச்சுடாதேங்கோ" என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் கேட்டேவிட்டேன். "அம்மான்னு சொல்வாளா டாக்டர்?"

"சொல்லலாம். சொல்லாமலும் போகலாம். ஒரு தாயார்கிட்டே பொய் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரலை."

நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை. நான் ஓய்ந்த பிறகு, அவளுக்கு என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் என்ன செய்வாள் என்று கேட்டார். பின்னால் வந்து என் தோளில் மோவாயை வைத்து அழுத்துவாள் என்றேன். வேறு யாரிடமாவது அப்படிச் செய்கிறாளா என்றார். இல்லை என்றேன். "அப்போ கூப்பிடறாளே" என்றார்.

அவருக்கும் சறுக்கியதுண்டு. ரோஸி எடுத்துக் காட்டிக் கேட்கட்டும் என்று தன் கையாலேயே அட்டைகளில் படம் வரைந்து வந்தார். அவர் வரைந்த பசுவைப் பார்த்து லில்லி, நாய் நன்றாக இருக்கிறது என்றாள். ரோஸி எல்லா அட்டையையும் கிழித்துக் கிழித்து வரிசையாக அடுக்கி வைத்தாள். "என் படத்துக்கு இதுதான் மரியாதை" என்றார். அவளுக்குப் படம் வெறும் காகிதம்தான் என்று புரிந்துகொண்டு, நிஜப் பொருள்களையே சமையலறைச் சுவரில் ஆணியடித்து மாட்டச் சொன்னார். தண்ணீருக்கு டம்ளர், தலை வாரச் சீப்பு, வெளியே போகக் குடை. பல மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் டம்ளரை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். நான் போட்ட சத்தத்தில் பயந்து டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்த பெங்களூர் அண்ணன், பண்டிகை முடிந்தும் கிளம்புகிற வழியைக் காணோம். ரோஸி குடையைக் கழற்றிக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். இதைக் கேட்டு டாக்டர் ஒரு வாரம் சிரித்தார். "இவளுக்கா பேச்சு வராது?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

ரோஸிக்கு இப்போது பதினாலு வயது நடக்கிறது. அந்த 'பப்பு'வுக்குப் பிறகு இன்றுவரை ஒரு சொல்லும் பேசவில்லை. பூ கட்டுகிறாள், கொடியில் துணியை நிறம் நிறமாகப் பிரித்து உலர்த்துகிறாள், லில்லியோடு மார்க்கெட்டுக்குப் போகிறாள்.

டாக்டர் போய் சில நாள் கழித்து, கொள்ளேகால் பக்கத்துப் பெண் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். நாலு வயதாகியும் பேச்சு வரவில்லையாம். "டாக்டரய்யா போன மாசமே உங்ககிட்டப் போகச் சொன்னாருங்க" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நான் என்னங்க தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டாள். ஒரு தப்பும் இல்லை, ஏன் என்று தெரியாது, முதலில் உள்ளே வா என்றேன். அவர் எனக்குக் கொடுத்த 'தெரியாது' அது. அதை நான் இவ்வளவு நாளாக வைத்திருக்கிறேன் என்பதே அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

"என்னைய அம்மான்னு கூப்புடுமுங்களா?" என்றாள்.

"கூப்பிடலாம். கூப்பிடாமலும் போகலாம். என் மகள் இன்னும் கூப்பிடலை."

அவள் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ரோஸியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கூப்புடாமயே நீங்க சந்தோசமாத்தானுங்க இருக்கறீங்க?"

ஆமாம் என்றேன். பொய் சொல்லவில்லை, டாக்டர்.