ஹம்சினியின் வாக்கியங்கள்

வேதாந்தம் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குத் தலைமைத் தட்டச்சர். பொல்லாத பிடிவாதக்காரர். ‘டேக்’ என்கிற ஒரே ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்லுக்கு நூற்று நாற்பது அர்த்தம் இருக்கிறது, அத்தனைக்கும் வாக்கியம் எழுதிப் புத்தகமாகப் போட்டே தீருவேன் என்று மூன்று வருஷம் மல்லுக்கட்டினார். மயிலாப்பூர் வீட்டில் அவர் மனைவி காமாக்ஷிக்கு இங்கிலீஷ் தெரியாது. மனுஷன் ஏதோ கிறுக்கிக்கொண்டு இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

தொண்ணூற்றாறில் நோட்டு ஒருவழியாக முடிந்தது. தியாகராய நகர் பதிப்பாளர் ஷரீஃப் அதைப் புரட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“சரக்கு நல்லாத்தான் கீது சார். ஆனா எல்லா வாக்கியத்துலயும் ஹம்சினி, ஹம்சினின்னு ஒரே பேரு. மாத்திக் குடுங்க, அடுத்த மாசமே அச்சுக்குப் போயிடும்.”

ஷரீஃபைக் குற்றம் சொல்ல முடியுமா? பாவம், அவருக்கு என்ன தெரியும்! ஹம்சினி வேதாந்தத்தின் ஒரே பெண். தொண்ணூறில், பத்தாவது படிக்கும்போது, மூன்றே நாள் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அவள் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

சாயங்காலம் ரப்பரும் கையுமாக உட்கார்ந்தவர், ஒரு பேரைக்கூட அழிக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கி அழுதார். காமாக்ஷி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். இங்கிலீஷில் அவளுக்குப் படிக்கத் தெரிந்த ஒரே வார்த்தை மகள் பேர்தான். பள்ளிக்கூட நோட்டு லேபிளில் பார்த்துப் பழகியது. பக்கத்துக்குப் பக்கம் அதுவே இருந்தது.

“ஏன்னா, என்ன எழுதியிருக்கேள்?”

அவர் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். ஹம்சினி குடை எடுத்துக்கொள்ள மறந்தாள். ஹம்சினி அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள். ஹம்சினி பரீட்சை எழுதினாள், கல்லூரியில் பௌதிகம் எடுத்தாள், பட்டம் வாங்கினாள். இப்போது அடையாற்றில் வேலை, தினம் எட்டரை மணி பஸ்ஸில் போகிறாள். பக்கம் புரளப் புரளப் பெண் வளர்ந்துகொண்டே போனாள்.

“கல்யாணம்?” என்று கேட்டாள் காமாக்ஷி.

“இன்னும் ஆகலை. அதுக்குள்ள நோட்டு முடிஞ்சுடுத்து.”

அவள் ரப்பரை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். “அச்சும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். குழந்தை ஆத்துலயே இருக்கட்டும். இங்கிலீஷ்ல வேற வார்த்தை இருக்கோல்லியோ?”

மறுநாள் ஆபீஸ் விட்டு வரும்போது வேதாந்தம் புது நோட்டு ஒன்று வாங்கிவந்தார். முதல் பக்கத்தில் ‘கெட்’ என்று எழுதினார். காமாக்ஷி காபியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு ஹம்சினி என்ன பண்ணினாள் என்று கேட்டாள்.