அலை அடிக்காத இடம்

அலை அடிக்காத இடம்தான் கடலில் பத்திரமான இடம் என்று நான் நம்பினேன்.

சிரியுங்கள்! கடலோரத்தில் பிறந்தவர் எவரும் இந்த வரியைப் படித்ததும் தலையில் அடித்துக்கொள்வார். நான் தாமிரபரணிக் கரையில் பிறந்தவன். திருநெல்வேலி டவுனில் பாத்திரக் கடை வைத்திருப்பவன். நடக்கப் பழகும் முன்பே நீந்தப் பழகியவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். அந்தப் பெருமையோடுதான் ஒரு கோடை விடுமுறையில் மனைவியையும் மகளையும் மைத்துனனையும் கடலுக்குக் கூட்டிப் போனேன். கரையைத் தேர்ந்தெடுத்தவன் நான். இறங்கும் இடத்தைக் காட்டியவனும் நான்.

இது மடத்தனம். மடத்தனத்தை யாரும் மன்னித்துவிடுவார்கள்... நானே என்னை எப்போதோ மன்னித்தாயிற்று. சொல்ல வேண்டியது வேறொன்று. அது என் மகள் மதியின் கையைப் பற்றியது. அந்தக் கையை வைத்து அவள் என்னைப் பற்றி நம்பிக்கொண்டிருப்பதைப் பற்றியது. அங்கேதான் வந்துகொண்டிருக்கிறேன். நடுவில் வேடிக்கை பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி வந்த புதிது. எந்நேரமும் அதில் யாராவது கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். மதிக்கு அப்போது எட்டு வயது. கடலில் குளிக்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். ‘திருச்செந்தூர்ல பாத்திருக்கியே, அது என்ன?’ என்று கேட்டேன்.

“அது கடல் இல்லப்பா, கூட்டம்” என்றாள். என் மகள் அல்லவா!

வீட்டில் மகாநாடு கூடியது. என் மனைவி சிவகாமியின் தம்பி அருணாசலம் அம்பாசமுத்திரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். அதிகம் பேசமாட்டான். அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“மணிமுத்தாறு போவமே அத்தான். அங்கன அருவி இருக்கு. பிள்ளைக்கும் பயமில்ல.”

“ஏலே, ஆத்துக்குள்ளயே கிடக்கவள அருவி பாக்கக் கூப்பிடுதியே! அவ கேக்கது கடல்.”

“அப்ப திருச்செந்தூருக்கே போயிட்டு வந்துருவோமே” என்றான்.

சிவகாமி பதறினாள். “திருச்செந்தூர்னு சொன்னா போதும், எங்க பெரியம்மை, சித்தி எல்லாரும் பையத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிருவாவ. பிறகு அது வேண்டுதல் ஆயிரும். பிள்ளைக்கு மொட்டை போடணும்பாவ!”

கன்னியாகுமரியை நான் தள்ளினேன். அங்கே எங்கும் பாறை; பாசிமணி வாங்கலாம், பிள்ளையைக் குளிக்க வைக்க முடியாது.

குடும்பத்தோடு போகத்தக்க கடற்கரை எது? என் மனத்தில் ஒரு சித்திரம் இருந்தது. கூட்டம் இருக்கக்கூடாது. குடித்துவிட்டுத் திரிகிறவன் இருக்கக்கூடாது. நனைந்த சேலையோடு பெண்கள் கரையேறும்போது முறைத்துப் பார்க்க ஓர் ஆண்பிள்ளை இருக்கக்கூடாது. மணல் சுத்தமாக இருக்க வேண்டும். இவற்றில் எது தப்பு, நீங்களே சொல்லுங்கள்!

அப்படி ஒரு கரை எனக்குத் தெரியும். உவரிப் பக்கம் ஒரு மீனவ ஊருக்கு மாதா கோயில் திருநாள் சாப்பாட்டுக்காக அண்டாவும் கிடாரமும் கொண்டுபோய் இறக்கியபோது பார்த்த கரை. ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். கரை என்ன பாவம் செய்தது?

பக்கத்துக் கடை காதருக்கு மாமியார் வீடு காயல்பட்டினம். கடல் தெரிந்த மனுஷன். நான் போகும் இடத்தைக் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினான்.

“கரையில உள்ளவங்கள்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் பிள்ளைய இறக்கும் வே. கடல் ஆத்த மாதிரி கிடையாது.”

“காதரு, தண்ணின்னா தண்ணிதான் வே. ஒண்ணுல உப்பு உண்டு, ஒண்ணுல இல்ல. உம்ம வீட்டுக் குழம்பு மாதிரி.”

“வாய் மட்டும் இல்லேன்னா உம்மள நாய் தூக்கிட்டுப் போயிரும்!”

வாய் இருந்ததால் நாய்க்குத் தப்பினேன். கடலுக்கு வாயைப் பற்றிக் கவலையில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் வேன் பிடித்துக் கிளம்பினோம். நாங்குநேரியில் தேநீர். பிறகு பனையும் செம்மண்ணும். அருணாசலம் காற்றடித்த லாரி டியூப் ஒன்றை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தான்.

“ஏலே, இது என்ன, யானைக்கு வளையலா?”

“இருக்கட்டும் அத்தான். எனக்கு நீச்சல் வராது.”

வழி முழுவதும் அந்த டியூபை வைத்தே அவனைக் கேலி செய்தேன். மதி சிரித்துச் சிரித்து விக்கினாள். அவன் கோபப்படவே இல்லை... அவன் ஒரு தரமாவது கோபப்பட்டிருக்கலாம்!

கரைக்கு வந்தோம். ஓர் ஆள் இல்லை. கட்டுமரங்களெல்லாம் மேலே இழுத்துப் போடப்பட்டிருந்தன. தூரத்தில் கோயில் மணி கேட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர் மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. ஊரே பூசைக்குப் போயிருந்தது. அந்த வழக்கம் எனக்குத் தெரியாதா? தெரியும்! அண்டா இறக்கியவனுக்கு அவ்வளவுகூடத் தெரியாதா? தெரிந்தும் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“பாத்தியா சிவகாமி! நமக்குன்னே காலி பண்ணி வச்சிருக்காவ.”

இங்கே இறங்காதே என்று சொல்லக்கூடிய ஒவ்வொருவரும் அந்த நேரத்தில் முழந்தாளிட்டு ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். அதைத்தான் நான் வசதி என்று நினைத்தேன்.

கரை நெடுக அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் மட்டும் இல்லை. இரண்டு பக்கமும் அலை அடிக்க, நடுவில் ஒரு பாதை போலத் தண்ணீர் அமைதியாகக் கிடந்தது. எனக்கு உடனே எங்கள் ஊர் ஆற்றின் குறுக்குத்துறை நினைவுக்கு வந்தது. ஆற்றில் சத்தமும் நுரையும் இருந்தால் அங்கே பாறை உண்டு. சத்தமில்லாத இடத்தில் மணல். அதுவும் சில இடங்களில் கசமாக, ஆள் முழுங்கும் ஆழமாக இருக்கும். ஆனால் கசம் பாறையை ஒட்டித்தான் கிடக்கும். இங்கே கண்ணுக்கெட்டிய வரை பாறை ஏது?

அதோடு விட்டேனா? பரீட்சை வேறு வைத்தேன்! கட்டுச்சோற்று மூட்டையிலிருந்து ஒரு துண்டு வாழையிலையைக் கிழித்து அந்தத் தண்ணீரில் போட்டேன். புதுத் துறையில் இறங்கும் முன் ஆற்றுக்காரர்கள் செய்கிற வேலை இது. இலை சுழன்றால் சுழல் உண்டு, இறங்கக்கூடாது. சுழலாமல் போனால் இறங்கலாம்.

இலை சுழலவில்லை. நேராக, அழகாக, நிதானமாகக் கடலுக்குள்ளே போயிற்று.

போகப் போகப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை! இலை நகர்ந்து போவது ஆற்றுக்காரனுக்கு ஓர் அதிசயமா? கடலில் போட்டது கரைக்கல்லவா திரும்ப வேண்டும், இது ஏன் உள்ளே போகிறது என்று ஒரு குழந்தைகூடக் கேட்டிருக்கும். குழந்தை கேட்கத்தான் செய்தது.

“அப்பா, இலை எங்க போவுது?”

“இலங்கைக்கு!”

சிவகாமி சவுக்கு மரங்களின் நிழலில் ஜமுக்காளம் விரிக்கப் போனாள். அருணாசலம் டியூபை இடுப்பில் மாட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றான். “பைய போங்க அத்தான்” என்றான். நான் மதியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

முழங்கால். இடுப்பு. பிறகு காலடியில் மணல் உருவிக்கொண்டு போயிற்று. அடுத்த அடிக்குத் தரை இல்லை.

அலைகள் கரைக்குக் கொண்டுவரும் தண்ணீரெல்லாம் அந்த அமைதியான பாதை வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். இழுப்பு என்றால் ஆற்றிலும் இழுப்பு உண்டு. ஆனால் ஆற்றுக்கு இரண்டு கரை. இழுத்துப் போனாலும் ஏதாவது ஒன்றில் ஒதுங்கலாம். கடலுக்கு இருப்பது ஒரே கரை, அதுவும் முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது! நான் கத்தினேன். நெல்லையப்பரைக் கூப்பிட்டதாகத்தான் நினைத்தேன். “கடையப் பூட்டு! கடையப் பூட்டு!” என்று கத்தியதாக மதி இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள். இருக்கும். சாகப் போகிறவனுக்கு என்ன புத்தி இருக்குமோ அதுதானே வாயில் வரும்.

இந்த இடத்தில் கொஞ்சத்தைத் தாண்டுகிறேன். நீங்கள் கவனித்திருப்பீர்கள். தாண்டியதற்குத் திரும்பி வருவேன்.

நான் தனியாக இருந்தேன். எப்படியோ பக்கவாட்டில் ஒதுங்கி அலை அடிக்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். எதைக் கண்டு பயந்தேனோ அந்த அலையே என்னைத் தூக்கிக் கரையில் எறிந்தது. வாயெல்லாம் மணல். எழுந்து பார்த்தால், நீச்சல் தெரியாத அருணாசலம் டியூபோடு அந்த இழுப்புக்குள் போயிருந்தான்! மதியின் சடையைப் பிடித்து டியூபின்மேல் போட்டுக்கொண்டு, கையைக் காலை அடிக்காமல், போகிற போக்கில் போய்க்கொண்டிருந்தான். வெகுதூரம் போனார்கள். பிறகு இழுப்பு ஓய்ந்து, பக்கவாட்டில் மிதந்து, அவர்களையும் அலை பிடித்துக் கரைப்பக்கம் தள்ளியது.

நான் கரையோடு ஓடினேன். முழங்கால் தண்ணீரில் இறங்கி மதியின் கையைப் பிடித்து இழுத்தேன். உப்பில் கண் எரிந்து இறுக மூடியிருந்தாள். கண்ணைத் திறந்தபோது அவள் கை என் கைக்குள் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் சிவகாமி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அவள் பார்த்ததும் அதைத்தான்.

“அப்பா என் கைய விடவே இல்லம்மா” என்றாள் மதி.

நான் மறுக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்... மூச்சு வாங்குவது எவ்வளவு நேரம் நிற்காமல் இருக்கும்?

வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். அருணாசலம் ஒன்று கேட்டான்.

“அத்தான், நீங்க எப்பக் கரைக்கு வந்திய?”

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே கேட்டான். நான் சொன்னேன்: “நான் எங்கலே வந்தேன்? உப்பு கூடிப்போச்சுன்னு கடல் என்னைத் துப்பிட்டு!” வேன் ஓட்டுநர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அருணாசலமும் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை. தீபாவளிக்கு வருகிறான், ‘அத்தான், அத்தான்’ என்று அதே மரியாதை. அந்த மரியாதைக்கு முன்னால் உட்கார்ந்து பலகாரம் தின்ன நான் படுகிற பாடு!

ஒருநாள் சிவகாமியிடம் சொல்லிவிடுவது என்று துணிந்தேன். “நான் மதி கைய விட்டுட்டேன்” என்றேன். முகத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு கடுமையாக வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் சிரித்தாள்.

“போங்க, உங்களுக்குச் சாவுலகூட விளையாட்டுதான்.”

வாழ்நாளெல்லாம் வேடிக்கை பேசியவன் நிஜத்தைச் சொன்னால் யார் நம்புவார்கள்? நான் கட்டிய கூண்டுக்குள் நானே உட்கார்ந்திருக்கிறேன். கதவு திறந்துதான் இருக்கிறது. வெளியே வந்தால் எல்லாரும் கைதட்டிச் சிரிக்கிறார்கள்; திரும்ப உள்ளே போய்விடுகிறேன்.

இப்போது தெருவில் யார் கடலுக்குக் கிளம்பினாலும் என் கடைக்கு வருகிறார்கள். “அண்ணாச்சி, பிள்ளைகளோட எங்கன இறங்கலாம்?” நான் பெரிய மனுஷனாகச் சொல்கிறேன்: “கரையில உள்ளவங்கள்ட்டக் கேளுங்க.” காதர் பக்கத்துக் கடையிலிருந்து எட்டிப் பார்க்கிறான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மறுபடியும் போகிறோம். மதிக்கு இப்போது பதினான்கு வயது. அந்த நாளுக்குப் பிறகு அவள் கடலில் கால் வைத்ததே இல்லை. இப்போது வைக்கலாம் என்கிறாள், ஒரு நிபந்தனையோடு.

“அப்பா கூட இறங்கினாத்தான் இறங்குவேன். அப்பா கையப் பிடிச்சுக்கிடுவேன்.”

கரையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் என்னிடமே! உவரியா, மணப்பாடா, காயல்பட்டினமா என்று எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். எந்தக் கரையைச் சொன்னாலும் அந்தக் கை நீளும். நான் பிடித்தாக வேண்டும். பிடித்ததை அவள் நினைவில் வைத்திருக்கிறாள்; மற்றது அவளுக்கு நினைவில்லையா? அல்லது நினைவிருந்தும்...? கேட்க எனக்குத் துணிவில்லை.

தாண்டிப் போன இடத்துக்கு வருகிறேன். இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை.

மதி என் இடது கையைப் பிடித்திருந்தாள். ஒரு கையால் என்னால் நீந்த முடியவில்லை. அவள் பயந்து இரண்டு கைகளாலும் என் மணிக்கட்டைப் பற்றினாள். நான் வலது கையால் அவள் விரல்களைப் பிரித்தேன். ஒருமுறை பிரித்ததும் மறுபடி பற்றினாள். மறுபடியும் பிரித்தேன். பிறகு இரண்டு கைகளாலும் நீந்தத் தொடங்கினேன். அவள் “அப்பா” என்று கூப்பிட்டது எனக்குக் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.