ஜன்னல் வழியே போட்ட எக்ஸ்ரே கவர்

ஒரு காலத்தில் எங்கள் ஊரிலிருந்து சேலம் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. டவுன் பஸ்ஸில் நாமக்கல் போய், அங்கே மாறி, ராசிபுரம் வழியாகச் சேலம் போக வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் நானும் வாய் வலிக்கச் சொல்வேன். பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட்டில் உட்காராதே, ரோட்டிலுள்ள பள்ளம் முழுக்க உன் முதுகில்தான் இறங்கும். கடைசி சீட்டு அதைவிட மோசம். என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தால் கால் வெந்துவிடும். காலையில் வடக்கே போகும்போது வெயில் வலது பக்கம், சாயங்காலம் தெற்கே திரும்பும்போதும் வலது பக்கம்தான். ஆகையால் போனாலும் வந்தாலும் இடது பக்கம் உட்கார். வலது பக்கம்தான் கிடைத்தது என்றால் முழங்கையை ஜன்னலுக்கு வெளியே வைக்காதே, எதிரே வருகிற லாரிக்காரன் கையோடு கொண்டுபோய்விடுவான். வாந்தி எடுக்கிறவர்கள் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைகளின் புளித்த வாடை வருவதற்குள் எலுமிச்சம்பழத்தை மூக்குக்குக் கொண்டுபோய்விட வேண்டும். உருளுகிற வண்டியிலிருந்து இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வண்டி போகிற திசையைப் பார்த்து இறங்கு.

இதையெல்லாம் இப்போது எழுதும்போது என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. பெரிய மேதாவி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

நான் இதில் கெட்டிக்காரனானதற்குக் காரணம் என் மனைவி. கல்யாணமாகி நான்காம் வருஷம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை என்றார்கள். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் செய்த வேலையாம். நாமக்கல் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஓட விடாதீங்க, பாரம் தூக்க விடாதீங்க, ரொம்ப நேரம் நிக்க விடாதீங்க" என்றார். முதல் இரண்டும் வீட்டுக்குள் நடக்கிற விஷயம், என் அம்மா பார்த்துக்கொண்டாள். மூன்றாவதை நான் எடுத்துக்கொண்டேன். மாதம் ஒரு தடவையாவது சேலத்துக்கு வைத்தியத்துக்குப் போக வேண்டியிருந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவள் ஒரு நிமிஷம்கூட நிற்கக்கூடாது என்பதை ஒரு வைராக்கியமாகவே வைத்துக்கொண்டேன்.

நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் இடம் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பஸ் உள்ளே நுழையும்போதே நாலு பக்கமும் கூடவே ஓடி ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவார்கள். துண்டு விழுந்த சீட்டு துண்டுக்காரனுக்கு. ஆனால் துண்டுக்கு மரியாதை கொஞ்சம்தான். வாட்டசாட்டமான ஆள் எவனாவது அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, "இங்க துண்டே இல்லீங்களே" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவான். இரண்டு தடவை அப்படி ஏமாந்த பிறகு ஒரு நாள், கையில் வேறெதுவும் இல்லாததால், அவளுடைய எக்ஸ்ரே கவரைப் போட்டேன். பழுப்பு நிறத்தில் பெரிய கவர். ஏறிப் பார்த்தால், நெரிசலில் அந்த ஒரு சீட்டு மட்டும் காலியாக இருக்கிறது. யாரும் அதைத் தொடவில்லை. "ஆஸ்பத்திரிக் கவருங்க, பாவம், நோவாளிக்குப் போட்டது" என்று ஓர் அம்மாள் காவலுக்கே நின்றிருந்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு துண்டை நான் தோளை விட்டு எடுக்கவே இல்லை. அந்தக் கவர் ஏழெட்டுத் தடவை இடம் பிடித்துக் கொடுத்தது. படம், ஈசிஜி சுருள், டாக்டர்கள் எழுதிய கடிதம் எல்லாம் அதற்குள் இருந்தன. அவள் உயிர் அதற்குள் இருந்தது என்று சொன்னாலும் தப்பில்லை. அதைத்தான் நான் துண்டு மாதிரி வீசிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மெட்ராஸிலிருந்து ஓர் இதய டாக்டர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்குக்கு வந்து போவார். அவர் படத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் மெட்ராஸில் ஆபரேஷனுக்குச் சேர்த்துக்கொள்வார்கள். மூன்று மாதம் காத்திருந்து டோக்கன் வாங்கியிருந்தோம். பதினோரு மணிக்குள் இருக்க வேண்டும். மத்தியானம் அவர் ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்.

அன்று முகூர்த்த நாளாகவும் இருந்து தொலைத்தது. ஏழு மணிக்கே நாமக்கல் ஸ்டாண்டில் பட்டுச் சேலையும் சீர்த்தட்டுமாகக் கூட்டம் நெரிந்தது. ஒரு சேலம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. உட்கார இடமில்லை, நிற்க இடம் இருந்தது. கண்டக்டர், "நின்னுக்கிட்டு வர்றவங்க ஏறுங்க" என்று கூப்பிட்டார்.

அவள் என் கையைத் தொட்டு, "இதுலயே ஏறிக்கலாமுங்க, நான் கம்பியப் புடிச்சு நின்னுக்கறேன்" என்றாள்.

"பேசாம இரு புள்ள. அடுத்த வண்டில எடம் போடறேன் பாரு" என்றேன். அவளுக்கு என்னிடம் இரண்டாம் தடவை சொல்கிற பழக்கம் இல்லை.

அடுத்த வண்டி வந்தது. கூடவே ஓடினேன். இடது பக்கம், நடுவில், சக்கரத்துக்கு முன்னால், நான் எல்லோருக்கும் சொல்கிற அதே சீட்டு. ஜன்னல் வழியாகக் கவரைப் போட்டுவிட்டு அவளைக் கூட்டிவரத் திரும்பினேன். அவளால் வேகமாக நடக்க முடியாது. நாங்கள் முன்வாசலுக்கு வருவதற்குள் ஒரு கல்யாணக் கூட்டமே படியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளை உள்ளே தள்ளவும் முடியவில்லை, விட்டுவிட்டு நான் ஏறவும் முடியவில்லை. விசில் ஊதிவிட்டார்கள். "நிறுத்துங்க, கவரு, கவரு" என்று நான் கத்தியது மேளக்காரர்களின் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. பஸ் வளைவில் திரும்பிப் போய்விட்டது. கவருக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்தது.

மூன்றாவது பஸ்ஸில் சேலம் போய் இறங்கினோம். கவரோடு போன பஸ்ஸின் கண்டக்டரை டீக்கடையில் கண்டுபிடித்தேன். அவர் நல்ல மனிதர், உடனே சொன்னார்.

"அந்தக் கவருங்களா? யாரும் எடுத்துக்கல, சாமி. ஒரு பெரியவரு மடியில வெச்சுப் பத்திரமாக் கொண்டாந்தாரு. பெரியாஸ்பத்திரிக்குத்தான் வந்திருப்பாங்க, நானே அங்க குடுத்துடறேன்னு வாங்கிட்டுப் போனாருங்க."

அந்தப் பெரியவரை நான் என்னவென்று திட்டுவது? எங்கள் பக்கத்து மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அவளை ஆட்டோவில் அஸ்தம்பட்டிக்குக் கூட்டிப்போய்க் கிளினிக் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அதே ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை. சீட்டு எழுதும் இடமும் எக்ஸ்ரே அறையும் பூட்டியிருந்தன. வார்டு வார்டாக, பார்க்கிறவர்களிடமெல்லாம் பழுப்புக் கவர், பழுப்புக் கவர் என்று பைத்தியக்காரனைப் போலக் கேட்டேன். யார் கையில் கொடுத்தார், எந்த மேசையில் வைத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்தபோது கிளினிக்கில் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் அதே பெஞ்சில் இருந்தாள்.

டாக்டர் அவளைக் கூப்பிட்டுக் குழாய் வைத்துப் பார்த்தாராம். படமும் சுருளும் இல்லாமல் ஆபரேஷனுக்கு எழுத முடியாது, புதிதாக எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் வாருங்கள் என்றாராம். "நல்ல மாதிரியாத்தான் சொன்னாருங்க" என்றாள்.

திரும்பி வந்த பஸ்ஸில் பத்துப் பேர்கூட இல்லை. சீட்டெல்லாம் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. ராசிபுரம் தாண்டினோம். பிறகு அவள் வெளியே பார்த்தபடி, கோபம் துளியும் இல்லாமல் சொன்னாள்: "காலைல அந்த மொத வண்டிலயே நின்னுக்கிட்டு வந்திருப்பேனுங்க. நீங்கதான் உடல."

நான்கு வருஷமாக அவளுக்காக ஓடியிருக்கிறேன், உனக்கு எது முடியும் என்று அவளை ஒரு தடவை கேட்டதில்லை. இடம் பிடித்த பெருமை எனக்கு வேண்டியிருந்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

புதுப் படம் எடுத்தோம். அடுத்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள் இருக்கும்போது, விடியற்காலையில், வாசலில் கோலம் போட உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு இருபத்தேழு வயது. அந்த டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லாமல் செய்துவிட்டேன்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே மாதிரி அழுதார்கள். "எப்படிப் பாத்துக்கிட்டீங்க, சாமி. பஸ்ஸுல ஒரு நாளாச்சும் அந்தப் புள்ளைய நிக்க உட்டிருப்பீங்களா?" என்றார்கள். ஒரு நாள் நிற்க விட்டிருந்தால் கவரோடு டாக்டரைப் பார்த்திருப்பாள் என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. தலையை ஆட்டி அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.